ஹெவிவெயிட் சம்பந்திகள்

இப்புடி குந்து கண்ணு, கொஞ்சம் தள்ளிக்கிறேன். பஸ்ஸு இப்போதைக்கு நகராது. தோ பாரு, கன்டெய்னர் லாரிக்காரன் குறுக்க வுட்டுட்டு நிக்கறான். அவன் திரும்பி முடிக்கறதுக்குள்ள எம் பொண்ணு கல்யாணமே முடிஞ்சிரும். ஆமா, கல்யாணந்தான். வர்ற ஞாயித்துக்கெழம. பொண்ணப் பெத்தவ மூஞ்சில சிரிப்பையே காணமேன்னு பாக்கறியா? சந்தோசத்துக்கு ஒன்னும் கொறச்சல் இல்ல. மாப்ள தங்கமான பையன். ஆனா நிச்சயதார்த்தத்தன்னிக்கு எனக்கு ஒரு ஆத்தரம் ஏறிச்சு பாரு, அது இன்னும் எறங்கல.

நீ பாக்ஸிங் பாப்பியா? பாக்க மாட்டியா? நல்லதாப் போச்சு. நானும் பாக்க மாட்டேன். எனக்கு அதப் பத்தி ஒரு எழவும் தெரியாது. இத மொதல்லயே சொல்லிடறேன், அப்பால என்னையும் அந்தக் கூட்டத்துல சேத்துடாத.

எங்க வூட்டுக்காரரு பேரு துரைக்கண்ணு. ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. வயசுல பாக்ஸிங் ஆடனவரு. ஒடனே ஆளு மலை மாரி இருப்பாருன்னு நெனச்சுக்காத. ஈரத்துணியோட தராசுல ஏத்தனாலும் அம்பது கிலோ தேறாது. காத்தடிச்சா நாந்தான் கையப் புடிச்சுக்கணும். ஆனா பேச்சு பூரா ஹெவிவெயிட்டு. அவரு எடையில ஆடற பசங்கள ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. "அதெல்லாம் கொசு சண்டை சம்பூரணம்"னுவாரு. சம்பூரணம் நாந்தான்.

அவருக்கு அலி காலந்தான் காலம். ஃப்ரேசியர், ஃபோர்மேன், நார்டன்னு ஒரே நேரத்துல அத்தினி பேரு எந்தக் காலத்துல இருந்தாங்க, ஒருத்தனக் கண்டு ஒருத்தன் ஒளிஞ்சானா, அன்னிக்கு எட்டாவது எடத்துல இருந்தவன் இன்னிக்கு வந்தா சாம்பியன்னு, காலைல பல்லு வெளக்கும்போதே ஆரம்பிச்சுருவாரு. எண்பதுல அலி மெட்ராஸ் வந்தாரு இல்ல, அப்ப நேரு ஸ்டேடியத்துல உக்காந்து பாத்தேன்னு சொல்வாரு. நெசம் இன்னான்னா, வெளிய ஜனத்துல மாட்டிக்கினு செருப்பத் தொலச்சுட்டு வந்தாரு, அவ்ளோதான். இத எங்க மாமியாரே எங்கிட்ட சொல்லிட்டாங்க. ஆனா இவரு கதைல வருசா வருசம் ஒரு வரிசை முன்னாடி வந்துக்கினே இருக்காரு. போன பொங்கலுக்கு அலிக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்ததே இவருதான்.

சரி, புருசன்னு ஆயிப்போச்சு, பொறுத்துக்கினேன். பொண்ணு விசயத்துலயும் வந்து நிப்பாருன்னு யாரு கண்டா?

எம் பொண்ணு நிரோஷாவுக்கு ரெண்டு வரன் கூடி வந்து கலஞ்சுது. மொதல்ல வந்தது ஜாதகம் சேரல. ரெண்டாவது எல்லாம் சேந்துது, இவரு தான் சேரல. பையனோட பெரியப்பா "அலி வாய்ச்சவடால் தானே"ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. இவரு வச்ச கேசரிய அவங்க தின்னு முடிக்கறதுக்குள்ள தட்டப் புடுங்கிட்டாரு. மெய்யாலுமே புடுங்கிட்டாரு கண்ணு, பையனோட அம்மா கையில வெறும் ஸ்பூனு. அதுக்கப்பறம் மூணு வருசம் ஒன்னும் அமையல. அப்பத்தான் நிரோஷா ஆபீஸ்லயே இந்தப் பையன் யுவராஜு. ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. எம் பொண்ணு எங்கிட்ட வந்து, "அம்மா, இதுவும் நடக்கலன்னா எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காத"ன்னு சொல்லிட்டா. சொன்னா செய்வா. அவ எம் பொண்ணு.

பையனோட அப்பா கன்னியப்பன், எர்ணாவூர். அவரையும் கையில தூக்கி இடுப்புல வச்சுக்கலாம், அம்மாம் பெரிய ஆளு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கூட்டு செவுத்துல மாட்டியிருந்த அலி படத்தப் பாத்தாரு பாரு, அப்புடியே நின்னுட்டாரு. "சம்பந்தி, நீங்க பாக்ஸிங்கா?" "ஆமா சம்பந்தி, நீங்களுமா?" அவ்ளோதான், கட்டிப் புடிச்சுக்கினாங்க. பஜ்ஜி ஆறிப்போச்சு, பொண்ணு காப்பியோட வந்து நிக்கறா, இவுங்க ரெண்டு பேரும் நட்ட நடுக் கூடத்துல கையத் தூக்கிக்கினு மூஞ்சிக்கு முன்ன எப்புடிக் கார்டு வக்கணும்னு பேசிக்கினு இருக்காங்க. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. ஆஹா, ஒரே பைத்தியம், ஒத்துப்போச்சுன்னு நெனச்சேன்.

சம்பந்தியம்மா மணிமேகலை தான் என்ன அடுப்பாண்ட தள்ளிக்கினு போயி காதுல சொன்னாங்க. "அக்கா, சந்தோசப்படாதீங்க. எங்கூட்டு ஆளு டைசன் கட்சி. எண்பத்தெட்டுல வீடியோ கடை வச்சிருந்தாரு, டைசன் கேசட்ட ஓட்டி ஓட்டி டேப்பே தேஞ்சு பூட்ச்சு. அலின்னு பேரு சொன்னா சாப்பாட்டுல கை வக்க மாட்டாரு." எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பத்தான் ரெண்டு பேரும் பேசி வச்சோம். தாலி ஏறற வரிக்கும் எந்தக் காலம் பெருசுன்ற பேச்சு மட்டும் வரவே கூடாது. நான் இவருகிட்ட எம் பொண்ணு தலைமேல கை வச்சு சத்தியம் வாங்கனேன். அவங்க அவரு கிட்ட கற்பூரத்த ஏத்தி வாங்கனாங்க.

நிச்சயதார்த்தம் தண்டையார்பேட்டைல ஒரு சின்ன ஹாலு. ஞாயித்துக்கெழம சாயங்காலம், நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்திரணும். ஐயரு பத்திரிகைய வாசிச்சு முடிச்சுட்டாரு. இன்னார் மகன், இன்னார் மகள், எல்லாம் ஸோக்கா போச்சு. "சம்பந்திகள் எழுந்திருங்கோ, தட்டை மாத்திக்கோங்கோ"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு தட்ட எடுத்தாரு. வெத்தல, பாக்கு, தேங்கா, பழம், மாப்ள துணி. எதுருல கன்னியப்பன் நிக்கறாரு. இவரு நீட்டறாரு, அவரு புடிக்கறாரு. புடிச்சவரு கண்ணு கலங்கிருச்சு. சந்தோசத்துல தான். வாங்கிட்டு கம்னு இருந்தா இன்னா கெட்டுப்போச்சு? "சம்பந்தி, இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே கார்னரு. டைசன் காலத்து ஆட்டம் மாரி எந்தக் காலத்துலயும் இல்ல, இன்னா சொல்ற?"ன்னுட்டாரு.

எங்க வூட்டுக்காரரு தட்ட வுடல.

அவரும் வுடல. ஒரு பக்கம் இவரு, ஒரு பக்கம் அவரு, நடுவுல தட்டு. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு என்னமோ மரியாதையா புடிச்சுக்கினு நிக்கற மாரி தான் தெரியும். போட்டோக்காரன் வேற "அப்புடியே சிரிங்க சார்"ன்றான். எனக்குத் தெரியாதா, இவரு கழுத்து நரம்பு பொடச்சுக்கிச்சு.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காத. டைசன் யாரக் குத்தனான்னு சொல்லு. குத்தறது பெருசில்ல, யாரக் குத்தனான்றது தான் பெருசு."

"ஸ்பிங்க்ஸுன்ற சாம்பியன ஒன்னரை நிமிசத்துல படுக்க வச்சான். உங்க அலி ஒன்னரை நிமிசத்துல இன்னா பண்ணுவாரு? மைக்குல கவிதை சொல்லுவாரு."

"டக்ளஸுன்னு ஒருத்தன் அடிச்சதுல கீழ வுழுந்து பல்லுக் கார்டத் தேடிக்கினு தவழ்ந்தானே, அது யாரு? எங்க சித்தப்பாவா?"

"உங்க ஆளு மட்டும்? ஃபோர்மேன் அடிக்க அடிக்க கயித்து மேல சாஞ்சுக்கினு இருந்தாரே. துணி காயப்போட்ட மாரி. அதுக்குப் பேரு பாக்ஸிங்கா?"

"அடிச்சவன் தான் கடசில படுத்தான்!"

ஐயரு நடுவுல கைய வுட்டுப் பிரிக்கப் பாத்தாரு. ரெஃப்ரீ மாரி தான் நின்னாரு பாவம். "நாழியாறது, நாழியாறது"ன்னு கடியாரத்தக் காட்டறாரு. யாரு கேக்கறா? தேங்கா உருண்டு அவரு கால்மேலயே வுழுந்துது. மணிமேகலை எம் பக்கம் பாக்கறாங்க, நான் அவங்க பக்கம் பாக்கறேன். எம் பொண்ணு பட்டுப்பொடவையில மேடைல குந்திக்கினு கையில இருக்கற பூவ ஒவ்வொன்னா பிச்சுப் போடறா. அவளுக்கு அழுகை வர்றதுக்கு முன்ன அப்புடித்தான் ஏதாச்சும் பிப்பா. சின்னப் புள்ளையிலர்ந்து பாக்கறேன் இல்ல.

அப்பத்தான் மாப்ள எந்திரிச்சாரு. நல்ல மனசு கண்ணு, சமாதானம் பண்ணத்தான் வந்தாரு. ஆனா நல்ல மனசு இருந்தாப் போதுமா, நாக்கு அடங்கியிருக்க வேணாம்? "அப்பா, மாமா, தட்ட மாத்துங்க. எதுக்கு சண்ட? உங்க ரெண்டு பேர் ஆளும் இப்ப ஆடனா நிக்கவே மாட்டாங்க. இப்ப இருக்கற ஃபியூரி ஆறடி ஒம்பது அங்குலம். நூத்தி இருவது கிலோவுக்கு மேல. அலியே நூறு கிலோ கூட இல்ல. அந்தக் காலத்து ஆளுங்கல்லாம் இன்னிக்கு ஹெவிவெயிட்டே கெடையாது."



எங்க வூட்டுக்காரரு மெதுவா திரும்பி, "சம்பந்தி, இவன் உங்க பையனா?"ன்னு கேட்டாரு.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்குது"ன்னாரு கன்னியப்பன். "ஒசரத்த வச்சு பாக்ஸிங்கா? அப்புடின்னா தென்ன மரத்துக்கு பெல்ட்டு கட்டலாமே. அந்த ஃபியூரிக்கே அவங்கப்பன் எங்காளு பேர வச்சுத்தானே டைசன்னு கூப்ட்டான்."

"அத்த சொல்லு. அலிக்கு இருந்த காலு, எந்த ஹெவிவெயிட்டுக்கு இருந்துது?"

"இல்ல சம்பந்தி. காலு விசயத்துல நான் ஒத்துக்கறேன்."

"குத்து விசயத்துல நானும் ஒத்துக்கறேன், சம்பந்தி."

கண்ணு, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்க! அடடா, முடிஞ்சுதுடா சாமின்னு நான் மூச்சு வுடல, அதுக்குள்ள கன்னியப்பன் தட்டக் கீழ வச்சுட்டு எங்க வூட்டுக்காரரு தோள்ல கையப் போட்டாரு. "சம்பந்தி, பெத்தவன் நானே சொல்றேன். இந்த மாரி ஒருத்தனுக்கு உங்க பொண்ணக் குடுக்காதீங்க. நல்ல குடும்பம் உங்களுது." இவரு நெஞ்சு உருகி, "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி. வாங்க, ஒரு டீ சாப்புடலாம்"னுட்டாரு. ரெண்டு பேரும் தோள்ல கையப் போட்டுக்கினு வாசப்பக்கம் கெளம்பிட்டாங்க. சிரிக்காத! சம்பந்தமே இல்லாம சம்பந்தின்னு கூப்ட்டுக்கினு போறாங்க, பொண்ணும் மாப்ளயும் இங்க மேடைல!

எம் பொண்ணு கையில பூவே இல்ல, வெறும் நாரு. ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆம்பளைங்க ஒருத்தரும் அவங்களத் தடுக்கல. நான் அதுவரிக்கும் சபைல சத்தம் போட்டவளே இல்ல கண்ணு, எங்க தெருவுல யார வேணா கேளு. சரி, எங்க தெருவுல கேக்காத. ஆனா நான் மேடைல ஏறி நின்னு கத்தனேன்.

"நிறுத்துங்கய்யா! மூணு பேரும் தப்பு. அலி காலமாம், டைசன் காலமாம், இந்தக் காலமாம். அலிக்கும் டைசனுக்கும் நடுவுல ஏழு வருசம் பெல்ட்டக் கழட்டாம நின்னவன் ஒருத்தன் இருந்தான். நாப்பத்தெட்டு ஆட்டம், ஒன்னுல தோக்கல. அலியோடவும் ஆடனான், டைசனோடவும் ஆடனான். எந்தக் காலம் பெருசுன்னு சொல்ற யோக்கிதை அவனுக்குத்தான் இருக்குது. பெர்பிக்குன்னு இன்னொருத்தனும் ரெண்டு பேரோட ஆடனான், அவன வுடு, அவன் கணக்குல வரமாட்டான். இடது கை ஜாபு, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள மூஞ்சில தட்டிட்டுத் திரும்பி வந்துரும். அந்த மாரி ஜாபு அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. லாரி ஹோம்ஸு! அவன் தான்யா ஹெவிவெயிட்டு!"

வாசலாண்ட போனவங்க ரெண்டு பேரும் நின்னாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. மாப்ளயும் பாத்தாரு. மொதல்ல சிரிச்சது எங்க வூட்டுக்காரரு தான்.

"ஹோம்ஸாமில்ல!"

"அலி ஒடம்பு முடியாத காலத்துல அடிச்சுட்டு பெருமை பேசனவனா!" இது கன்னியப்பன். அலிக்காகப் பேசறாரு பாரு, டைசன் கட்சிக்காரரு!

"அத்தை, டைசன் கிட்ட நாலாவது ரவுண்டுல வுழுந்தாரே, அவரா?" இது மாப்ள. கண்ணுல தண்ணி வர சிரிக்கறாரு.

"அப்ப அவனுக்கு முப்பத்தெட்டு வயசுய்யா!"ன்றேன். யாரும் கேக்கல. ஹாலே சிரிக்குது. ஐயரு இருக்காரே, அந்த மனுசன் பஞ்சாங்கத்த மூடி வச்சுட்டு, "ஜாப் மட்டும் போட்டா ஆச்சா மாமி, நாக் அவுட் வேண்டாமோ?"ங்கறாரு. அவருக்கு இன்னா தெரியும்னு கேக்கறேன்? எங்க வூட்டுக்காரரு சிரிச்சுக்கினே மாப்ள முதுகுல தட்டனாரு. "இவளோட ஒப்பிட்டா நீ பரவால்ல மாப்ள. உங்கிட்ட பேசித் திருத்தலாம்." கன்னியப்பன் கீழ இருந்த தட்ட எடுத்து, துணியால தொடச்சு நீட்டறாரு. இவரு அத வாங்கிக்கினாரு, அப்பறம் மாப்ள வூட்டுத் தட்ட இவரு வாங்க, இவரு தட்ட அவரு வாங்க, மாத்திக்கினாங்க. ராகு காலம் பொறக்கல. எல்லாரும் கை தட்டனாங்க. எம் பொண்ணு மொகத்த அப்பத்தான் பாத்தேன், பொறந்த கொழந்த மொகம் மாரி இருந்துது. அந்த நிமிசம் எனக்கு வேற எதுவும் வேணாம்னு தான் தோணுச்சு.

அதோட வுட்டிருந்தாப் பரவால்லயே. மணிமேகலை ஓடியாந்து என் கையப் புடிச்சுக்கினாங்க. "அக்கா, இன்னா மூள உங்களுக்கு! வேணும்னே ஒரு உதவாக்கரைப் பேரச் சொல்லி மூணு பேரையும் ஒன்னு சேத்துட்டீங்களே!" எம் பொண்ணு கட்டிப் புடிச்சுக்கினு, "அம்மா, செம ஐடியா"ன்றா. சொந்தக்காரங்க எல்லாம் வரிசையா வந்து, சம்பூரணம் சமத்து, சம்பூரணம் சாமர்த்தியம்னு புகழறாங்க. இன்னி வரிக்கும் போன் போட்டுப் புகழறாங்க. எங்க வூட்டுக்காரரு கூட ராத்திரி படுக்கும்போது, "நல்லா நடிச்ச போ"ன்னாரு.

நடிச்சனா? உதவாக்கரையா? நான் மனசாரச் சொன்னேன் கண்ணு!

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல ஒரு கேசட் கொண்டாந்தாரு. அலி ஆட்டம்னு ஆசையா போட்டாரு. அது எண்பதுல ஹோம்ஸோட ஆடனது. நாலு ரவுண்டு பாத்துட்டு, முடியலன்னு எழுந்து வெளிய பூட்டாரு. நான் துணி மடிச்சுக்கினு இருந்தேன், கடசி வரிக்கும் பாத்தேன். அந்த ஹோம்ஸு அடிக்கறான், அடிச்சுட்டு ரெஃப்ரீயப் பாக்கறான். போதும், நிறுத்துய்யான்ற மாரி. தன்னத் தூக்கி வளத்தவன் மேல கை வக்கற மாரி அவனுக்குக் கஷ்டம். அலி கூட ப்ராக்டீஸ் பண்ணி ஆட்டம் கத்துக்கினவன் இல்ல அவன்? ஜெயிச்சான். ஜெயிச்சுட்டு அழுதான். ஒலகமே தோத்தவனப் பாத்து அழுவுது, ஜெயிச்சவன் அழுதத யாரும் பாக்கல. நான் பாத்தேன். நானும் அழுதேன். மடிச்ச துணியெல்லாம் ஈரமாப் போச்சு. அன்னிலர்ந்து மனசுல வச்சுக்கினு இருந்தேன், வாயத் தெறந்து ஒருத்தர் கிட்ட சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ சபைல சொன்னேன், அதையும் தமாஸ்னுட்டாங்க. இத்த வுட்டுருவனா?

வண்டி நகந்துருச்சு போல. திருவொத்தியூர் தேரடில எறங்கணும், நீ எங்க? அங்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. எங்க ராயபுரத்துலயே கடை இருக்குது, ஆனா அங்க போனா இவருக்குத் தெரிஞ்சிரும். கல்யாணத்துக்கு வாசல்ல பேனர் அடிச்சாச்சு. பொண்ணு பக்கம் அலி, மாப்ள பக்கம் டைசன், மேல மூலைல அந்தத் தென்ன மரம் ஃபியூரி. மூணு பேரும் உக்காந்து பேசி, எந்தப் படம் எம்மாம் பெருசுன்னு முடிவு பண்ணாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அதான் நானே இன்னொன்னு அடிக்கறேன். ஹாலு வாசல் அகலத்துக்கு. நடுவுல ஹோம்ஸு, இடுப்புல பெல்ட்டோட. அலியும் டைசனும் ரெண்டு பக்கமும் தம்மாத்தூண்டு. பொண்ணு மாப்ள படத்துக்கு எடம் பத்தலன்னு கடைக்காரப் பையன் போன்ல சொன்னான். பரவால்லப்பா, அவங்களத்தான் நேர்லயே பாக்கலாமேன்னுட்டேன்.

இன்னா கண்ணு அப்புடிப் பாக்கற? கல்யாணம் நின்னுரும்னா? தாலி ஏறனப்பறம் தான் பேனரத் தூக்கிக் கட்டணும்னு அவன் கிட்ட கறாரா சொல்லி வச்சிருக்கேன். மூணாவது முடிச்சு வுழுந்ததும் நானே போன் பண்ணுவேன். பொண்ணப் பெத்தவ நானு, அது கூட யோசிக்க மாட்டனா? அவுங்கள மாரி நான் இன்னா பாக்ஸிங் பைத்தியமா?